நல்ல சாப்பாடும் ஒரு கிளாஸ் ஒயினும் ஒத்துப்போகுமா?

கேள்வியின் சுருக்கம் இது: சாப்பாட்டுப் பழக்கத்தை எளிமையாகச் சீர்செய்ய வேண்டும், ஆனால் கலோரி எண்ணவோ பட்டியல் போட்டுச் சாப்பிடவோ பொறுமை இல்லை. வாரத்தில் ஓரிரு நாள் இரவுச் சாப்பாட்டோடு ஒயின் குடிக்கும் வழக்கம் உண்டு, அதை விட மனமில்லை. ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, அப்படியானால் தினமும் ஒரு கிளாஸ் என்று ஆக்கிக்கொள்ளலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஒயின் பிடித்திருக்கிறது, குடிக்கக் கூடாத காரணம் எதுவும் உங்களுக்கு இல்லை என்றால், இப்போது குடிக்கிற அளவிலேயே ரசித்துக் குடியுங்கள். மருந்தாக நினைத்து ஒரு சொட்டுகூடக் கூட்டாதீர்கள். ஒயினுக்குக் கிடைத்த நல்ல பெயரில் பெரும்பகுதி, அதனோடு மேஜையில் இருந்த சாப்பாட்டுக்குச் சேர வேண்டியது என்பது என் கருத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

‘பிரெஞ்சுப் புதிர்’ என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரான்ஸ்காரர்கள் வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சாப்பிடுகிறார்கள், ஆனாலும் அங்கே இதய நோயால் இறப்பவர்கள் குறைவாக இருக்கிறார்களே, எப்படி என்பதுதான் புதிர். 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி, ரெட் ஒயின்தான் விடையாக இருக்கலாம் என்று சொன்னது. உடனே அந்த நாட்டில் ரெட் ஒயின் விற்பனை எகிறியது. அடுத்த ஆண்டு செர்ஜ் ரெனோ, மிஷெல் த லோர்ஜரில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதற்கப்புறம் அளவாகக் குடிப்பவர்கள், குடிக்காதவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று ஆய்வு மேல் ஆய்வாக வந்தது.

இதில் இரண்டு ஓட்டைகள். முதல் ஓட்டையை 1988இலேயே பிரிட்டனைச் சேர்ந்த ஷேப்பரும் அவருடைய குழுவினரும் சுட்டிக்காட்டியிருந்தார்கள். குடிக்காதவர்கள் என்ற கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் அல்லவா? வாழ்நாளில் தொடாதவர்களோடு, உடம்பு கெட்டுப்போய் டாக்டர் சொல்லி நிறுத்தியவர்களும் அதில் இருக்கிறார்கள். ஏற்கெனவே நோயாளியாக இருப்பவர் சீக்கிரம் இறந்தால் அந்தப் பழி குடிக்காமல் இருந்ததன் மீது விழுகிறது. பக்கத்தில் நிற்கும் மிதமான குடிகாரர் ஆரோக்கியமாகத் தெரிகிறார். 2023இல் 107 ஆய்வுகளைச் சேர்த்து, ஏறத்தாழ 48 லட்சம் பேரின் தரவுகளை இப்படிப்பட்ட பிழைகளை நீக்கிப் பார்த்தபோது, குறைவாகக் குடிப்பதால் ஆயுள் கூடுகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் மிஞ்சவில்லை.

இரண்டாவது ஓட்டை எனக்கு மிகவும் பிடித்தது. டென்மார்க்கில் சூப்பர்மார்க்கெட் பில்களை, கொஞ்சமல்ல, 35 லட்சம் பில்களை எடுத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2006இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. ஒயின் வாங்கியவர்களின் கூடையில் பழம், காய்கறி, ஆலிவ், கோழி இறைச்சி, கொழுப்பு குறைந்த சீஸ் அதிகம் இருந்தன. பீர் வாங்கியவர்களின் கூடையில் சிப்ஸ், சாசேஜ், குளிர்பானம், சூடாக்கி அப்படியே சாப்பிடும் தயார் உணவு அதிகம். இப்போது சொல்லுங்கள், ஒயின் குடிப்பவர்களின் இதயம் நன்றாக இருந்தால் பாராட்ட வேண்டியது பாட்டிலையா, கூடையையா?

பழக்கவழக்கங்களால் குழம்பாத வழி ஒன்றும் இருக்கிறது. ஆல்கஹாலைச் சிதைக்கும் திறன் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் கிழக்கு ஆசியாவில் நிறைய. குடித்தால் முகம் சிவந்து தலை சுற்றும் என்பதால் அவர்கள் இயல்பாகவே குறைவாகக் குடிப்பார்கள். இந்த மரபணு வேறுபாட்டை வைத்துச் சீனாவில் ஐந்து லட்சம் பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. குடி கூடக்கூடப் பக்கவாத ஆபத்தும் ஏறியது. கொஞ்சமாகக் குடித்தால் பாதுகாப்பு என்பதற்கான தடயம் அதில் இல்லை.

ரெஸ்வெரட்ரால் பற்றியும் ஒரு வார்த்தை. திராட்சைத் தோலில் உள்ள இந்தப் பொருள்தான் ரெட் ஒயினின் ரகசியம் என்று ஒரு காலத்தில் பெரிய பேச்சு. ஒரு லிட்டர் ரெட் ஒயினில் இது சில மில்லிகிராம்தான் இருக்கும். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுத்தார்கள். அதை ஒயின் வழியாகப் பெற வேண்டுமானால் ஒரு நாளைக்கு நூறு லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். கல்லீரலிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, மறுபக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாகத் தெரிந்த முதல் பிரிவில் வைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஒயின், பீர், விஸ்கி என்ற பேதம் அதில் இல்லை. எதைக் குடித்தாலும் உள்ளே போவது எத்தனால் என்ற அதே ஆல்கஹால்தான். அது உடம்பில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறி டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் ஆகிய இடங்களில் ஆபத்து கூடுகிறது. நாள்தோறும் 10 கிராம் ஆல்கஹால் குடிக்கும் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து, குடிக்காதவரைவிட ஏறத்தாழ 7 சதவீதம் அதிகம். 100 பேரில் 7 பேருக்கு வரும் என்பது இதன் பொருள் அல்ல. இருக்கிற ஆபத்தின் மேல் 7 சதவீதம் ஏறுகிறது, அவ்வளவுதான். பயந்து நடுங்க வேண்டிய எண் அல்ல, இல்லாததுபோல் நடந்துகொள்ளவும் முடியாது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், ஆல்கஹாலில் முழுப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று சொன்னது இதை வைத்துத்தான்.

ஆக, ஒயினை மகிழ்ச்சிக் கணக்கில் எழுதுங்கள். ஆரோக்கியக் கணக்கைத் தட்டு பார்த்துக்கொள்ளட்டும்.

தட்டுக்கு வருவோம். சாப்பாட்டு அறிவியலில் சண்டை நிறைய. கார்போஹைட்ரேட்டா கொழுப்பா, எத்தனை வேளை, எந்த எண்ணெய் என்று. ஆனால் எல்லாத் தரப்பும் ஒத்துக்கொள்ளும் பகுதி ஒன்று உண்டு, அதைக் கடைப்பிடித்தாலே முக்கால் வேலை முடிந்துவிடும்: காய்கறி, பழம், பருப்பு, பயறு, முழுதானியம், கொட்டைகள் அதிகம், தொழிற்சாலையிலிருந்து பாக்கெட்டில் வருவது குறைவு.

இரண்டாவது பாதி ஏன் முக்கியம் என்று காட்டிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்டது. 20 பேரை அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம், வேண்டாததை விட்டுவிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். இரண்டே வாரத்தில் எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவு வாரங்களில் அதே அளவு இறங்கியது. யாரும் அவர்களைக் கலோரி எண்ணச் சொல்லவில்லை. மெதுமெதுவென்று இருக்கும் உணவு வேகமாக உள்ளே போகிறது, வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்டும் முன் தட்டு காலியாகிவிடுகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எண்ண மாட்டேன் என்று சொல்கிற உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பது சரியாக இருந்தால், எவ்வளவு என்பதை உடம்பு ஓரளவு தானே பார்த்துக்கொள்கிறது.

நடைமுறையில் நான் சொல்வது மிகச் சில. தட்டில் பாதி இடம் காய்கறிக்கு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் காய்கறி, பழம் என்கிறது. தராசு வேண்டாம், இரண்டு வேளை பாதித் தட்டு காய்கறியும் நடுவில் ஒன்றிரண்டு பழமும் இருந்தால் அதைத் தாண்டிவிடுவீர்கள். பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். சாறாக்கினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், மூன்று பழத்தின் சர்க்கரை இரண்டு நிமிடத்தில் உள்ளே இறங்கிவிடும். சாப்பாட்டைக் காய்கறியிலும் புரதத்திலும் தொடங்கி மாவுச்சத்தைக் கடைசியில் வைத்தால் ரத்தச் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. காசு செலவில்லாத தந்திரம், செய்து பார்க்கலாம். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். இதில் சமையலில் போடும் உப்பைவிடப் பாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் உப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

எண்ணெய்க்கும் கொட்டைகளுக்கும் பயப்படாதீர்கள். ஸ்பெயினில் இதய நோய் ஆபத்து அதிகமுள்ள 7,447 பேரிடம் நடந்த ‘ப்ரெடிமெட்’ ஆய்வில், மத்தியதரைக்கடல் பாணி உணவோடு (காய்கறி, பழம், பயறு, மீன் அதிகமுள்ளது) ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. 2013இல் வந்த கட்டுரையை, ஆட்களைப் பிரித்த முறையில் கோளாறு இருந்ததால் திரும்பப் பெற்று, 2018இல் திருத்தி வெளியிட்டார்கள்; முடிவு பெரிதாக மாறவில்லை. ஆய்வாளர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது எண்ணெயும் கொட்டைகளும் என்பதைக் கவனியுங்கள். ஒயின் பாட்டில் அல்ல.

மெதுவாகச் சாப்பிடுங்கள், போன் இல்லாமல் சாப்பிடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். தெரிந்திருந்தும் செய்யாமல் இருப்பதற்கு என்னிடமும் மருந்தில்லை. ஆனால் ஒயினோடு சாப்பிடும் பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் உண்மையிலேயே உதவுகிறது. நல்ல ஒயினை மடமடவென்று குடிக்க முடியாது. ஒரு வாய் சாப்பாடு, ஒரு சிறு மடக்கு என்று போகும்போது சாப்பாடும் நிதானமாகிவிடும்.

அடுத்து, ‘அளவோடு’ என்றால் எவ்வளவு? இங்கேதான் பெரும்பாலோர் கணக்கு தவறுகிறது, அதுவும் எப்போதும் தமக்குச் சாதகமாகவே தவறுகிறது. 12 சதவீத ஒயின் 150 மி.லி. ஊற்றினால் அதில் ஆல்கஹால் சுமார் 14 கிராம். அமெரிக்காவில் ‘ஒரு டிரிங்க்’ என்பது இதுதான். ஆஸ்திரேலியாவில் ஒரு டிரிங்க் 10 கிராம், பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம். அதனால் ஒரு நாட்டு அறிவுரையை இன்னொரு நாட்டு அளவில் படித்தால் குழப்பம்தான். கிராமாகவே நினைவில் வையுங்கள். பிரிட்டனின் 2016 வழிகாட்டல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரம் 14 யூனிட், அதாவது 112 கிராமுக்கு மேல் வேண்டாம், அதையும் குறைந்தது மூன்று நாளிலாவது பரத்திக் குடியுங்கள் என்கிறது. இது ஏறக்குறைய ஒன்றரை பாட்டில். ஆஸ்திரேலியா 2020இல் வாரம் 100 கிராம் என்றது. கனடாவில் 2023இல் வந்த வழிகாட்டல் இன்னும் கறார்: குறைந்த ஆபத்து என்று சொல்ல வேண்டுமானால் வாரம் இரண்டே டிரிங்க். கேட்பவருக்கு என் ஆலோசனை இந்தக் கடைசி எண்ணுக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள் என்பதுதான். வாரம் ஓரிரு நாள், ஒரு கிளாஸ் என்ற உங்கள் இப்போதைய வழக்கம் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.

கிளாஸ் என்று சொல்லும்போது எந்தக் கிளாஸ் என்று கேட்க வேண்டும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 300 ஆண்டுக்கால ஒயின் கிளாஸ்களை அளந்து பார்த்தார்கள். 1700களில் ஒரு கிளாஸின் சராசரிக் கொள்ளளவு 66 மி.லி.; 2016-17இல் 449 மி.லி. ஏறக்குறைய ஏழு மடங்கு. இந்தப் பெரிய கிளாஸில் பாதிக்கும் குறைவாக ஊற்றினாலே 200 மி.லி. போய்விடும், பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். இங்கிலாந்தில் 21 மதுக்கூடங்களில் நான்கு வாரம் 250 மி.லி. ஊற்றலை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். குடிக்கப்பட்ட ஒயினின் அளவு 7.6 சதவீதம் குறைந்தது. பெரியது இல்லையென்றால் மக்கள் இன்னொரு சிறியதை வாங்கிச் சரிக்கட்டுவதில்லை. வீட்டிலும் இதுவே வேலை செய்யும். ஒருமுறை மட்டும் அளவுக் குவளையில் 125 மி.லி. அளந்து உங்கள் கிளாஸில் ஊற்றி, அது எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் கிளாஸ் காலியாகும் முன்பே திரும்பத் திரும்ப நிரப்பும் உபசாரத்தை மட்டும் மறுத்துவிடுங்கள். அந்த உபசாரத்தில் எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கு யாரிடமும் இருக்காது.

லேபிளில் சதவீதத்தையும் பாருங்கள். 12 சதவீதமும் 15 சதவீதமும் பக்கத்துப் பக்கத்து எண்களாகத் தெரியும், ஆனால் ஆல்கஹால் கால் பங்கு கூடுதல். ஸ்பிரிட் சேர்த்துச் செய்யும் போர்ட் போன்ற ஒயின்கள் 20 சதவீதம் வரை போகும். அவற்றுக்குக் கிளாஸின் அளவே வேறு. ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி என்பதால் இனிப்பில்லாத ‘டிரை’ ஒயின்கூட 150 மி.லி.க்குச் சுமார் 120 கலோரி தரும். இனிப்பு ஒயினில் சர்க்கரையும் சேரும்.

எப்போது குடிப்பது? சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் குடித்தால் ஆல்கஹால் நேராகச் சிறுகுடலுக்குப் போய் ரத்தத்தில் சட்டென்று ஏறும். வயிற்றில் உணவு இருந்தால் மெதுவாகவே இறங்கும், உச்ச அளவும் குறையும். இன்னொன்று, சாப்பாட்டுக்கு முன் குடிப்பது பசியைக் கிளப்பும். எண்ணெயில் பொரித்த நொறுக்குத்தீனி பக்கத்தில் இருந்தால், காலையிலிருந்து கவனமாகச் சாப்பிட்டதெல்லாம் அரை மணி நேரத்தில் காணாமல் போகும். பக்கத்தில் தண்ணீர் வையுங்கள்; தாகத்துக்குத் தண்ணீர், சுவைக்கு ஒயின். படுப்பதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன் முடித்துவிடுவது நல்லது. ஒயின் சீக்கிரம் தூங்கவைப்பது உண்மைதான், ஆனால் பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துவிடும். வாரம் முழுவதும் குடிக்காமல் சேர்த்துவைத்து சனிக்கிழமை ஒரே மூச்சில் குடிப்பது, மொத்த அளவு அதேயானாலும் மிக மோசமான வழி. கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ ஒரு டிரிங்க்தான் சுத்தப்படுத்தும். காபியோ குளியலோ அதை அவசரப்படுத்தாது. வண்டி ஓட்ட வேண்டுமென்றால் அன்று ஒரு மடக்கும் வேண்டாம்.

சிலருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்கள், கல்லீரலிலோ கணையத்திலோ நோய் உள்ளவர்கள், முன்பு குடியில் சிக்கி மீண்டவர்கள், சட்டப்படி வயது வராதவர்கள் குடிக்கவே கூடாது. தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், சர்க்கரை நோய்க்கான இன்சுலின் போன்றவற்றில் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. இன்சுலினோடு வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் கீழே போகலாம். அந்த மயக்கத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அப்புறம், இதுவரை குடிக்காதவர் ஆரோக்கியத்துக்காகத் தொடங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. திராட்சை சாப்பிடுங்கள். ஒரு கிளாஸில் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் எரிச்சல் வருகிறது, எத்தனை குடித்தேன் என்று வீட்டில் குறைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அதுவும் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயமே.

மிச்சமிருக்கும் ஒயினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘வீணாகிவிடுமே’ என்று பாட்டிலைக் காலி செய்பவர்கள் அதிகம். தக்கையை இறுக்கி ஃபிரிட்ஜில் நிறுத்தி வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் வரை நன்றாகவே இருக்கும், ரெட் ஒயினும் அப்படித்தான். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். சின்ன பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி மூடினால் காற்று படுவது குறைந்து இன்னும் நன்றாக நிற்கும். அதற்கும் மேல் மிஞ்சினால் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் பறந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. 15 நிமிடம் கொதித்த குழம்பில் சுமார் 40 சதவீதம் மிச்சமிருக்கும், ஒரு மணி நேரத்துக்கு அப்புறமும் 25 சதவீதம். அதனால் மது வேண்டாம் என்று இருப்பவரோ மருந்து சாப்பிடுகிறவரோ மேஜையில் இருந்தால், அதில் ஒயின் ஊற்றியிருக்கிறது என்று பரிமாறும் முன்பே சொல்லிவிடுங்கள்.